நடுப்பாகத்தில் மறைந்திருக்கும் இளவரசன்: ‘பொன்னியின் செல்வன்’ மூன்றாம் பாகம் பற்றிய சில சிந்தனைகள்

இளைஞர் விரும்பிப் படிக்கும் சாகசக் கதைகள் பெரும்பாலும் ஒரே நூலில் முடிவதில்லை. மூன்று, ஐந்து, ஏழு எனப் பாகங்களாக விரிகின்றன. முதற்பாகத்தை வாசிப்பவரைப் புதுமை இழுத்துச் செல்கிறது. இறுதிப் பாகத்தை வாசிப்பவரை முடிவை அறியும் ஆவல் இழுத்துச் செல்கிறது. இடையில் நிற்கும் பாகத்துக்கு இவ்விரண்டு துணையும் இல்லை. அது தொடங்கி வைப்பதுமில்லை, முடித்து வைப்பதுமில்லை. ஆகவே அதைப் பற்றிப் பேசுவோரும் குறைவு. ஆயினும், ஒரு தொடரின் உட்பொருள் எங்கே தங்கியிருக்கிறது என்று தேடுவோர் நடுப்பாகத்தையே ஊன்றி வாசிக்கவேண்டும் என்பது நம் எண்ணம். அவ்வெண்ணத்தை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்வது கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களில் மூன்றாவதாகிய ‘கொலைவாள்’. இது மாயக்கதை அன்று, வரலாற்றுப் புதினம் என்பது உண்மையே. எனினும் பிறநாட்டு இளைஞருக்கு மாயாஜாலத் தொடர்கள் என்ன இன்பம் தருகின்றனவோ, அவ்வின்பத்தை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் இளைஞருக்குத் தந்துவருவது இந்நூலே. சுரங்கப்பாதை, மாறுவேடம், நள்ளிரவுச் சபதம், வால்நட்சத்திரம், ஆவியெனத் தோன்றும் உருவம் ஆகிய அனைத்தும் இதில் உண்டு. நம் காவிரிப் படுகையே இதன் களம். நம் சபைகளின் வாலிபர் பலர் இதை வாசித்திருக்கின்றனர். வாசியாதோர் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மணிரத்னம் இயக்கத்தில் வெளிவந்த திரைப்படங்களையேனும் கண்டிருக்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரைக் காப்பது எவ்வாறு என்னும் வினா இதன் நடுப்பாகத்தில் எழுகின்றது. அவ்வினா ஊழியர்களாகிய நம்மையும் பற்றியது.

1. தொடர்கதையும் அதன் நடுவும்

அந்நாளைய தஞ்சை மாவட்டத்துப் புத்தமங்கலத்தில் 1899ஆம் ஆண்டு பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, ‘கல்கி’ என்னும் புனைபெயரால் புகழ்பெற்றவர். தாம் நடத்திய ‘கல்கி’ வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை இக்கதையைத் தொடராக எழுதினார். ஓவியர் மணியம் சித்திரங்கள் தீட்டினார். கதை முடிந்த அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலேயே ஆசிரியர் காலமானார். ‘புது வெள்ளம்’, ‘சுழற்காற்று’, ‘கொலைவாள்’, ‘மணிமகுடம்’, ‘தியாகச் சிகரம்’ என்பன ஐந்து பாகங்களின் பெயர்கள். மூன்றாம் பாகத்தில் 46 அத்தியாயங்கள் உள்ளன. இறுதிப் பாகத்தில் 91.

கதையின் அடிப்படை வரலாற்றுச் செய்திகள் இரண்டு. சுந்தர சோழரின் மூத்த குமாரன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். அக்கொலைக்குற்றத்துக்கு உள்ளான ரவிதாசன் முதலியோரின் பெயர்களைக் காட்டுமன்னார்கோயில் அருகிலுள்ள உடையார்குடிக் கல்வெட்டு தருகிறது. அதன்பின், மக்கள் இளையவனாகிய அருள்மொழிவர்மனை அரசனாக்க விரும்பியும், சிற்றப்பன் மதுராந்தகன் அரசை விரும்பியதால் அவன் ஏற்க மறுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. மதுராந்தகன் உத்தம சோழனாக ஆண்டபின், 985இல் அருள்மொழி இராஜராஜனாக முடிசூடினான். இறந்த தமையனுக்கும் முடியைத் துறந்த தம்பிக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தையே கல்கியின் கற்பனை நிரப்புகிறது.

இத்தொடர் வெளிவந்த அதே ஆண்டுகளில் உலகின் மறுபக்கத்திலும் இத்தகைய கதைகள் எழுந்தன. நம் மாணவர் நன்கு அறிந்த சி. எஸ். லூயிஸ் ‘நார்னியா’ நூல்கள் ஏழையும் 1950க்கும் 1956க்கும் இடையில் வெளியிட்டார். அவற்றில் நான்காவதாக 1953இல் வந்த ‘வெள்ளி நாற்காலி’, காணாமற்போன ஓர் இளவரசனைத் தேடும் கதை. முதிர்ந்த அரசனுடைய ஒரே மகன் பூமிக்கு அடியில் மந்திரத்தால் கட்டுண்டிருக்க, இரண்டு பிள்ளைகளும் சதுப்புநிலத்தான் ஒருவனும் அவனைத் தேடிச் செல்கின்றனர். டோல்கின் எழுதிய ‘மோதிரங்களின் தலைவன்’ மூன்று பாகங்களில் நடுப்பாகம் 1954இல் வெளிவந்தது. பொறுப்பைச் சுமந்தவன் உணர்விழந்து பகைவர் கையில் கிடக்க, அவனுடைய தோட்டக்காரன் கோட்டை வாயிலுக்கு வெளியே தனித்து நிற்பதோடு அது முடிகிறது.

இம்மூன்று கதைகளிலும் ஓர் ஒற்றுமையைக் காண்கிறோம். நடுப்பாகத்தில் தலைமகன் மறைந்துபோகிறான். அவன் செயலற்றிருக்கும் காலத்தில் கதையைத் தாங்குவோர் சிறியோர். இது ஆசிரியரின் உத்தி மட்டுமன்று என்று கருதுகிறோம். வாழ்விலும் நடுப்பகுதி அத்தகையதே. தஞ்சைத் தரணியின் உழவர் இதை அறிவர். சம்பா நடவன்று வயலில் ஆரவாரம் உண்டு, அறுவடையன்றும் உண்டு. இடைப்பட்ட நீண்ட மாதங்களில் களை எடுப்பதும், மடையைப் பார்ப்பதும், வரப்பில் நடப்பதும் அன்றி வேறொன்றும் நிகழ்வதாகத் தோன்றாது. ஆயினும் பயிர் பிழைப்பதும் அழிவதும் அம்மாதங்களில்தான்.

2. ஓடத்தில் மூவர்

இரண்டாம் பாகத்தின் முடிவில் கடலில் பெரும்புயல். இலங்கையிலிருந்து திரும்பும் அருள்மொழிவர்மன் கடலில் மூழ்கிவிட்டான் என்றே நாடு நம்புகிறது. மூன்றாம் பாகம் கோடிக்கரையில் தொடங்குகிறது. இளவரசன் இறக்கவில்லை, ஆனால் கடுஞ்சுரத்தால் நினைவிழந்து கிடக்கிறான். அவனைப் பிடிக்கத் தேடுவோர் அக்கரையிலேயே உலவுகின்றனர். இந்நிலையில் அவனை ஓடத்தில் ஏற்றிக் கால்வாய் வழியே நாகப்பட்டினத்துச் சூடாமணி விஹாரத்துக்குக் கொண்டுசெல்வோர் இருவர். ஒருத்தி, கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகளாகிய பூங்குழலி. மற்றொருவன், தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கும் சேந்தன் அமுதன். இருவருக்கும் பதவியில்லை, படையில்லை. பாகத்தின் ஒன்பதாம் அத்தியாயம் ‘ஓடத்தில் மூவர்’ என்றே பெயர் பெற்றுள்ளது.

முதன்முறை வாசிப்பவர் இவ்வோடத்தில் ஒரு நோயாளியையும் அவனுக்கு உதவும் இரு எளியவரையுமே காண்கிறார். கதையை முற்றும் படித்தபின் மீண்டும் இவ்வத்தியாயத்துக்கு வருபவர் வேறொன்றைக் காண்கிறார். சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மையான மகன், சோழ குலத்தவன் என்பது கல்கியின் கற்பனையில் இறுதியில் வெளிப்படுகிறது, அருள்மொழி விட்டுக்கொடுக்கும் மணிமுடி அவன் தலையில் ஏறுகிறது, பூங்குழலி அரசியாகிறாள். அப்படியானால், அவ்விரவில் அக்கால்வாயில் சென்ற சிற்றோடத்தில் இருந்தோர் முடியைக் கொடுக்கப்போகிறவன், அதைப் பெறப்போகிறவன், அவனுக்குத் துணைவியாகப்போகிறவள் ஆகிய மூவருமே. ஒருவருக்கும் அது தெரியாது. அமுதன் பிற்காலப் பயனை எண்ணித் துடுப்புப் பிடிக்கவில்லை. எதிரே கிடப்பவன் சுரத்தில் வாடும் மனிதன் என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

இப்பாகத்தின் தலைப்பையும் கருதுக. ‘கொலைவாள்’ என்று பெயரிருந்தும் அவ்வாள் இப்பாகத்தில் ஆதித்த கரிகாலனைத் தீண்டுவதில்லை. வழியில் குதிரைக்கு லாடம் அடிக்க ஒரு கொல்லுப்பட்டறையில் நிற்கும் வந்தியத்தேவன், மீன் சின்னம் பொறித்த வாள் ஒன்று அங்கே செப்பனிடப்படுவதைக் காண்கிறான். பாண்டிய மன்னனுக்காகப் பழிதீர்க்கச் சபதம் செய்த நந்தினியின் கைக்குரிய வாள் அது. கொலை நிகழ்வதோ ஐந்தாம் பாகத்தில். ஆகவே ஒரே காலத்தில் ஓரிடத்தில் வாள் கூர்மையாகிறது. மற்றோரிடத்தில் நோயாளி பேணப்படுகிறான். தீமை தன்னை ஆயத்தம் செய்வதும் நன்மை தன்னைக் காத்துக்கொள்வதும் நடுப்பாகத்தில் ஒருங்கே, ஓசையின்றி நடைபெறுகின்றன. கண்ணுக்குத் தெரியும் பெருஞ்செயல்கள் இவ்விரண்டின் விளைவே.

3. விஹாரமும் செப்பேடும்

சைவ மரபில் வந்த சோழ இளவரசனுக்குப் புகலிடம் தருவோர் புத்த பிக்ஷுக்கள். மருந்திட்டுப் பேணி, சுரத்தினின்று மீட்டு, பகைவர் கண்ணுக்கு மறைத்துக் காக்கின்றனர். இது கதை. வரலாறு என்ன சொல்லுகிறது?

நாகப்பட்டினத்துச் சூடாமணி விஹாரம் ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் சூளாமணிவர்மன் பெயரால் எழுந்தது. அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதனை நிறைவேற்றினான். இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை இவ்விஹாரத்துக்கு அளித்தான். அவ்வாணையை அவன் மகன் இராஜேந்திரன் செப்பேட்டில் பொறிப்பித்தான். பின்னாளில் ஒல்லாந்து தேசத்துக்குக் கொண்டுபோகப்பட்டமையால் அவ்வேடுகள் ‘லெய்டன் செப்பேடுகள்’ என்று ஆராய்ச்சியாளரால் வழங்கப்பெறுகின்றன. எனவே, கதை நிகழும் சுந்தர சோழர் காலத்துக்கு இவ்விஹாரம் ஒரு தலைமுறை பிந்தியது. புதின ஆசிரியர் தமக்குரிய உரிமையால் அதை முன்னே கொண்டுவந்தார்.

ஏன் கொண்டுவந்தார் என்று வினவுதல் தகும். தஞ்சையில் சிவபெருமானுக்கு ஓங்கிய கற்கோயில் எடுத்த மன்னன், கடற்கரையிலுள்ள புத்தப் பள்ளிக்கு ஓர் ஊரையே கொடுத்தது எதனால்? வரலாற்றாசிரியர் கீழ்த்திசை வாணிகத்தையும் ஸ்ரீவிஜயத்தோடு கொண்ட நட்பையும் காரணமாகக் காட்டுவர். அது சரியான விடையே. அந்நட்பும் நிலைக்கவில்லை, 1025இல் இராஜேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தையே தாக்கியது. கல்கியின் நடுப்பாகமோ அதே செப்பேட்டுக்கு வேறொரு காரணத்தைக் கற்பனையில் அமைக்கிறது என்று நாம் வாசிக்கிறோம். இளமையில் சாவின் வாயிலில் கிடந்தபோது தன்னைக் காத்தவர்களை மன்னன் மறக்கவில்லை என்பதே அது. கதையில் குந்தவை தன் தம்பியைக் காண வந்து தங்குமிடமும் ஆனைமங்கலமே என்பது இவ்வாசிப்புக்குத் துணைசெய்கிறது.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. காத்தவர் தம் சமயத்தை விட்டுவிடவில்லை. காக்கப்பட்டவனும் தன் சமயத்தை விட்டுவிடவில்லை. பேணியதற்குக் கைம்மாறாக இளவரசனின் ஆன்மா கேட்கப்படவில்லை. ஐந்தாம் பாகத்தில் கடல் பொங்கி விஹாரத்தை மூழ்கடிக்கும்போது, காக்கப்பட்டவன் தலைமைப் பிக்ஷுவைக் காக்கிறான். நன்றி தானாகவே, தன் வழியில் திரும்பி வருகிறது.

4. தாயும் மகனும்

இதே பாகத்தில், பழையாறை அரண்மனையில், காத்தலின் மற்றொரு வகையைக் கல்கி காட்டுகிறார். ‘தாயும் மகனும்’ என்னும் அத்தியாயத்தில் செம்பியன் மாதேவியும் மதுராந்தகனும் எதிரெதிரே நிற்கின்றனர். வரலாற்றில் இம்மாதேவியார் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கிய பெருந்தகை. காவிரிக் கரையில் அவர் திருப்பணி செய்த கோயில்கள் இன்றும் நிற்கின்றன. கதையிலும் அவர் மாசற்றவர். தம் மகன் சிவபக்தியிலேயே வாழவேண்டும், அரசாசை அவனைத் தீண்டலாகாது என்று பிள்ளைப் பருவம் முதல் வளர்த்தார். மகனோ இப்போது மணிமுடி கேட்கிறான். தாய் மறுக்கிறார். அடுத்த அத்தியாயத்தின் தலைப்பு, நீயும் ஒரு தாயா என்று வினவும் வடிவில் அமைந்துள்ளது. தாய்க்குக் கதையில் ஒரு மறைபொருள் காரணம் உண்டு. அது மகனுக்குச் சொல்லப்படவில்லை. தனக்குத் தெரியாத காரணத்துக்காகத் தன் வாழ்வு தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்பதே அவன் சீற்றத்தின் வேர்.

போதகர் இல்லங்களையும் பக்தியுள்ள குடும்பங்களையும் அறிந்தோர் இவ்வத்தியாயத்தை எளிதாய்க் கடந்துபோக இயலாது. பிறக்குமுன்னே ஊழியத்துக்கு நேர்ந்துகொள்ளப்பட்ட பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அவர்களுள் அழைப்பைத் தாமே கேட்டு மகிழ்ந்து ஏற்றவரும் உண்டு. கேளாமலே வந்து சேர்ந்து உள்ளே புழுங்குவோரும் உண்டு. கல்கி தாயைக் குறை கூறவில்லை, மகனையும் புகழவில்லை. ஒருபுறம் அந்நியனைப் பேணி அவன்மேல் உரிமை கொண்டாடாத பிக்ஷுக்கள். மறுபுறம் மகனைப் பேணி அவன் வாழ்வுக்கு முன்னதாகவே வடிவமிட்டுவிட்ட தாய். இரண்டையும் ஒரே பாகத்தில் அருகருகே வைத்திருக்கிறார். முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறார்.

5. தஞ்சையில் மற்றோர் இளவரசன்

பிற சமயத்தார் காப்பில் வளர்ந்த இளவரசனைக் காணக் கற்பனைக்குள் மட்டும் செல்லவேண்டியதில்லை. நம் திருச்சபை வரலாற்றிலேயே அத்தகைய நிகழ்ச்சி ஒன்று, இதே தஞ்சையில் நடந்தது.

தஞ்சை மராத்திய மன்னர் துளஜா 1787இல் இறக்குமுன் பத்து வயதுச் சிறுவனாகிய சரபோஜியைச் சுவீகாரம் எடுத்தார். அவனைச் சுவார்ட்ஸ் ஐயரின் பொறுப்பில் விட விரும்பினார். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் திருச்சியிலும் தஞ்சையிலும் ஊழியம் செய்த ஐயர், அரசியற் பாதுகாவலராவது தமக்குத் தகாதென்று கருதி, மன்னரின் சகோதரர் அமர்சிங்கைச் சுட்டினார். அமர்சிங் தாமே அரசரானபின் சிறுவனின் நிலை இடர்ப்பட்டது. அடைபட்டு, கல்வியின்றி வளர்ந்தான். அப்போது ஐயர் ஒதுங்கி நிற்கவில்லை. மீண்டும் மீண்டும் கும்பினி அதிகாரிகளிடம் முறையிட்டார். 1793இல் சரபோஜி பாதுகாப்புக்காகவும் கல்விக்காகவும் சென்னைக்கு அனுப்பப்பட்டான். அங்கே கெரிக்கே ஐயரின் மேற்பார்வையில் பயின்றான். 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையில் காலமானார். சில மாதங்களுக்குள் சரபோஜி அரியணை ஏறினார்.

ஐயர் தம் விசுவாசத்தை மறைத்தவர் அல்லர். அரண்மனையிலும் தெருவிலும் வெளிப்படையாய்ப் பிரசங்கித்தவர். ஆயினும் சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. தம் முன்னோர் சமயத்திலேயே வாழ்ந்தார். சரசுவதி மகால் நூலகத்தை உலகறியச் செய்தார். அவர் ஐயரை மறக்கவுமில்லை. இலண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த சலவைக்கற் சிற்பம் சிவகங்கைத் தோட்டத்துத் தேவாலயத்தில் இருக்கிறது. மரணப்படுக்கையில் கிடக்கும் போதகரின் அருகே அரசன் நிற்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. இதே ஐயர் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவந்து கல்வியளித்த மற்றொரு சிறுவர், பின்னாளில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாராக விளங்கினார். ஒருவர் கிறிஸ்தவக் கவிராயர் ஆனார். ஒருவர் இந்து அரசராகவே இருந்தார். காத்தவர் இருவரையும் காத்தார்.

சுவார்ட்ஸ் ஐயரின் செயலில் அரசியற் கலப்பே இல்லை என்று நாம் கூறவில்லை. அவர் நாடிய கும்பினிக்கு அதன் ஆதாயம் இருந்தது. 1799இல் சரபோஜி தம் நாட்டின் ஆட்சியை அக்கும்பினிக்கே ஒப்புவிக்க நேர்ந்தது. எந்தப் பாதுகாவலும் உலகத்துக்கு வெளியே நடைபெறுவதில்லை. ஆனால் பிள்ளையின் பாதுகாப்புக்கு அவன் மனமாற்றத்தை விலையாக ஐயர் வைக்கவில்லை என்பது மறுக்கமுடியாதது.

6. இடிக்கப்பட்ட கோபுரம்

இதற்கு மாறான நிகழ்ச்சியையும் மறைக்காமல் கூறவேண்டும். நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகளின் எச்சமாகச் செங்கற்கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நின்றது. ‘புதுவெளிக் கோபுரம்’ என்றும் ‘சீனக் கோபுரம்’ என்றும் அதை அழைத்தனர். கப்பலோட்டிகளுக்கு அது கரையடையாளம். சர் வால்டர் எலியட் 1846இல் அதைக் கண்டு, மூன்று நிலைகளுடையதாக விவரித்துள்ளார். பாழடைந்திருந்த அக்கோபுரம், அருகே குடியேறியிருந்த இயேசு சபைத் துறவிகளின் வேண்டுகோளின்பேரில், அரசாங்க அனுமதியோடு 1867இல் இடித்துத் தள்ளப்பட்டது. 1856 முதல் 1930களின் நடுப்பகுதிவரை அவ்வூரில் மண்ணினின்று ஏறத்தாழ 350 பௌத்த வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் பெற்றது.

இது வேறு சபையார் செய்தது என்று சொல்லி நாம் விலகிக்கொள்ளலாகாது. அனுமதி அளித்தது ஆங்கிலேய அரசாங்கம். அவ்வரசின் நிழலில்தான் நம் சபைகளும் பள்ளிக்கூடங்களும் வளர்ந்தன. எண்பது மைல்களுக்குள், எழுபது ஆண்டுகளுக்குள், கிறிஸ்தவரின் பெயரால் இரண்டு செயல்கள் நடந்துள்ளன. ஒன்று, பிற சமயத்துச் சிறுவன் காக்கப்பட்டது. மற்றொன்று, பிற சமயத்துக் கோபுரம் வீழ்த்தப்பட்டது. ஒரு வாலிபன் ‘கொலைவாள்’ பாகத்தைப் படித்து முடித்து, அவ்விஹாரம் இப்போது எங்கே என்று தன் போதகரிடம் கேட்பானாகில், விடை கூறும் கடமை நமக்குண்டு. கோபுரம் இல்லை, அதைக் கிறிஸ்தவர் இடித்தனர் என்று நேரே சொல்வதே நேர்மையாகும். அந்நேர்மையின்றிச் சுவார்ட்ஸ் ஐயரின் கதையை மட்டும் சொல்வோமாகில், அவன் பின்னொருநாள் மற்றதைத் தானே அறிந்துகொள்வான். அதன்பின் நம் சொல்லை நம்பமாட்டான்.

7. மறைவில் காத்தல்: ஒரு மறுப்பும் விடையும்

மறைக்கப்பட்ட இளவரசனின் கதை வேதாகமத்துக்குப் புதிதன்று. அத்தாலியாள் ராஜவம்சத்தாரை அழித்தபோது, யோசேபாள் குழந்தையாகிய யோவாசை எடுத்து ஒளித்து வைத்தாள். ஆறு வருஷம் அவன் கர்த்தருடைய ஆலயத்தில் மறைந்திருந்தான். அந்த ஆறு வருஷத்தில் என்ன நடந்தது என்பதை 2 இராஜாக்கள் 11ஆம் அதிகாரம் விரித்துரைக்கவில்லை. யாரோ உணவூட்டினர், யாரோ அழுகையை அடக்கினர், யாரோ வாயிலைக் காத்தனர். நம் பிரசங்கங்களும் யோவாஸ் முடிசூட்டப்பட்ட நாளுக்கு விரைந்து போய்விடுகின்றன. ஆனால் யோய்தாவும் யோசேபாளும் ஆற்றிய ஊழியத்தின் பெரும்பகுதி அம்மௌன ஆண்டுகளில் அடங்கியது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். உரிமை கொண்டாடாமல் காப்பது என்றால், சுவிசேஷத்தை அறிவியாமல் விடுவதாகாதா? கைக்கு வந்த இளைஞனை நெருக்கிச் சேர்த்துக்கொள்ளாவிடில் அவன் வழிதவறிப் போகானா? இம்மறுப்பு அலட்சியப்படுத்தத்தக்கதன்று. அறிவித்தல் வேறு, விலை கேட்டல் வேறு என்பதே நம் விடை. சுவார்ட்ஸ் ஐயர் அறிவித்தார், விலை கேட்கவில்லை. காத்தல் பலன் தராமற்போகலாம் என்பதையும் வேதாகமமே ஒளிவின்றிக் கூறுகிறது. யோய்தா இறந்தபின் யோவாஸ் வழிவிலகினான். தன்னைக் காத்தவனின் குமாரன் சகரியாவையே கொல்வித்தான் என்று 2 நாளாகமம் 24ஆம் அதிகாரம் உரைக்கிறது. ஆயினும், இதை முன்னறிந்திருந்தால் யோசேபாள் அக்குழந்தையை எடுத்திருக்கமாட்டாள் என்று நம்மில் யாரும் சொல்லத் துணியோம். காத்தல் பலனால் நியாயப்படுவதன்று. எதிரே கிடக்கும் உயிரால் நியாயப்படுவது.

8. நம் ஊழியத்துக்குச் சில குறிப்புகள்

முதலாவது, இத்தகைய நூல்களை வாலிபர் வாசிப்பதைத் தடை செய்யவேண்டியதில்லை. பிற சமயத்தாரைப் பற்றி நம் இளைஞர் நல்லதொன்றைக் கதையில் காண்பது அவர்தம் விசுவாசத்துக்குக் கேடன்று. நல்ல சமாரியன் உவமையைக் கேட்ட யூதருக்கும் அதுவே வேண்டப்பட்டது. வாலிபர் கூட்டத்தில் ‘ஓடத்தில் மூவர்’, ‘தாயும் மகனும்’ ஆகிய அத்தியாயங்களை வாசித்து உரையாடலாம். பாடம் புகட்டும் அவசரம் வேண்டாம். கதையைக் கதையாகவே வாசித்தால் வினாக்கள் தாமே எழும். அருள்மொழியைக் கிறிஸ்துவுக்கும், விஹாரத்தைத் திருச்சபைக்கும் உருவகமாக்குவது கதைக்கும் நன்றன்று, நமக்கும் நன்றன்று.

இரண்டாவது, திரைப்படம் மட்டும் கண்டவரை நூலுக்கு அழைத்துவர வேண்டும். ஐந்து பாகங்கள் இரண்டு படங்களாகச் சுருங்கியபோது நடுப்பாகம் தனித்து நிற்க இடமின்றிப் போயிற்று. முதற்படம் கடற்புயலோடு முடிய, இரண்டாவது படம் முடிவை நோக்கி விரைகிறது. மூன்று மணி நேரத்தில் கதை சொல்வோருக்கு அது தவிர்க்கவியலாதது. சுரத்தின் நாட்களை நிதானமாய்க் கடப்பதற்கு நூலே வேண்டும்.

மூன்றாவது, நம் சபைகளில் நடுப்பாகத்தில் இருப்போரை நாம் கண்டறிய வேண்டும். ஞானஸ்நானத்துக்கும் திடப்படுத்தலுக்கும் சபையில் வகுப்பும் ஆராதனையும் உண்டு, திருமணத்துக்கும் உண்டு. திடப்படுத்தல் முடிந்து திருமணம் ஆகுமுன் உள்ள பத்து ஆண்டுகளுக்கு நம்மிடம் என்ன உண்டு? அவ்வாண்டுகளில் இளைஞன் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் செல்கிறான், ஐயம் கொள்கிறான், ஆலயத்துக்கு வாராதிருக்கிறான். சபைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே நிலுவைச் சந்தா மட்டும் ஏறுகிறது. ஊருக்கு வரும்போது நாம் கேட்கும் முதற்கேள்வி, ஏன் ஆராதனைக்கு வருவதில்லை என்பதாயிருக்கிறது. அவன் சுரத்தில் கிடக்கிறானா என்று நாம் கேட்பதில்லை.

நான்காவது, இவ்வூழியம் போதகரால் மட்டும் ஆவதன்று. இளவரசனைக் கொண்டுசென்றவர்கள் ஓடக்காரப் பெண்ணும் பூமாலை கட்டுபவனுமே. நம் கிராமச் சபைகளில் பட்டமும் பதவியும் இல்லாத மூத்த சகோதரிகள் எத்தனையோ வாலிபரை ஒரு வேளை உணவாலும், ஒரு தொலைபேசி விசாரிப்பாலும் காத்து வருகின்றனர். அவர்கள் பெயர் அறிக்கைகளில் வருவதில்லை. இறையியல் மாணவர் தம் களப்பணியில் அத்தகையோரைத் தேடிச் சென்று அவர்களிடம் கற்பாராக.

நடுப்பாகம் முடியும்போது எதுவும் தீர்ந்துவிடவில்லை. அரசர் இன்னும் நோயில் இருக்கிறார். வாள் இன்னும் உறையில் இருக்கிறது. அரியணை யாருக்கு என்பது தெரியவில்லை. சுரம் மட்டும் தெளிந்திருக்கிறது. நம் பொறுப்பில் விடப்பட்ட ஒருவனைப் பற்றி அவ்வளவேனும் சொல்ல இயலுமானால், அவ்வாண்டின் ஊழியம் வீண்போகவில்லை எனலாம். பின்வரும் பாகங்களை எழுதுவது நம் கையில் இல்லை.